கால் வீக்கம் மட்டுமா?

"பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கறது சகஜந்தானே, இதுக்குப் போயி ஒருநாள் சம்பளத்த விடறதா?" தோட்டப்புறங்களில் இந்தப் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

கால் வீக்கம் பெரும்பாலும் சகஜம்தான். ஆனால், முகமும் கையும் சேர்ந்து வீங்கி, தலைவலி மண்டையைப் பிளந்து, கண்ணும் மங்கினால் அது சகஜமல்ல. சில பெண்களுக்கோ ஒரு குறியும் தெரியாமலே இரத்த அழுத்தம் ஏறிவிடும். 20 வாரத்துக்குப் பிறகு வரும் இந்த நோய் முற்றினால் வலிப்புக் காணும். தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம்.

காட்டிக் கொடுப்பது சிறுநீர். வலிப்புக் கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரில் புரதம் இறங்குவதை லண்டன் மருத்துவர் ஜான் லீவர் 1843லேயே கண்டு சொன்னார். இன்று கிளினிக்கில் மிஸி ஒரு சின்னப் பட்டையை நனைத்துப் பார்க்கிறார். மஞ்சள், பச்சையாக மாறினால் புரதம் இறங்குகிறது. ஒருநாள் முழுக்கச் சேர்த்த சிறுநீரில் 300 மில்லிகிராமைத் தொட்டால் அது கவனிக்க வேண்டிய அளவு. இதற்குப் போத்தலை நீட்ட என்ன வெட்கம்?

புரதம் இல்லை என்பதால் தப்பித்தோம் என்றும் எண்ண வேண்டாம். அழுத்தம் 140/90க்கு ஏறி, இரத்தத்தில் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினாலும், ஈரலும் சிறுநீரகமும் கெடும் அறிகுறி தெரிந்தாலும் அதே நோய்தான். "ரத்தத்த உறிஞ்சிட்டாங்க" என்று முணுமுணுக்கும் மாமியார்மார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நஞ்சுக்கொடியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் இரண்டு புரதங்களை ஒப்பிடும் சோதனையும் இப்போது உண்டு. அந்த விகிதம் 38க்கு மேல் போகாவிட்டால் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வருவது அரிது என்று 2016ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எல்லாக் கிளினிக்கிலும் அது கிடைக்காது. பட்டையும் அழுத்தக் கருவியும் கிடைக்கும்.

முந்திய பிரசவத்தில் இந்த நோய் கண்டவர்கள் முதல் சோதனையிலேயே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். 12வது வாரம் முதல் சிறு அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். கடையில் தாமே வாங்கி விழுங்குவது வேறு கதை, அது கூடாது.

நிர்வாகத்தாரிடம் ஒன்று கேட்கிறோம். கிளினிக் போன நாளுக்குச் செக்ரோலில் பேர் விழாது என்றால், எந்தப் பெண் போவாள்? வயிற்றைத் தூக்கிக்கொண்டு பால்வெட்டப் போய்விடுவாள். அந்த நாளை வேலைநாளாகவே எழுதுங்கள். நடுராத்திரியில் தலைவலியும் வாந்தியும் கண்டால் எந்த வண்டி புறப்படும், சாவி யார் வீட்டில் இருக்கும் என்பதைத் தோட்டக் கமிட்டியார் இந்த வாரமே பேசி வைக்கட்டும்.