பெயர் பழசு, கை புதுசு!

ஆரணியில் ஒரு நெசவாளர் வீடு. மாலை நேரம். ஒரு சேலை விஷயமாக அங்கே போயிருந்தேன். உள்ளே தறி ஓடிக் கொண்டிருந்தது. வெளியே திண்ணையில் மூன்று இளைஞர்கள் சண்டை போட்டுக் கொண்டிருந்தார்கள்.

அரசியல் சண்டையா? இல்லை. சினிமாச் சண்டையா? அதுவும் இல்லை.

"இரண்டாவதுதான் உசத்தி!" என்றான் ஒருவன்.

"போடா! மூன்றாவதில் இருக்கிற வேகம் இரண்டாவதில் ஏது?" என்றான் அடுத்தவன்.

"முதலாவதுக்கு எதுவுமே ஈடு இல்லை" என்றான் மூன்றாமவன்.

தறியில் இருந்த பெரியவர் நாடாவை நிறுத்தினார். "எதைப் பத்திடா இந்தச் சண்டை?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் விளையாட்டுப்பா" என்றான் மகன். "பேரு மேக்ஸ் பெய்ன். மூணு பாகம் வந்திருக்கு. முதல் ரெண்டும் செஞ்சவங்க வேற, மூணாவது செஞ்சவங்க வேற. பேரு மட்டும் அதே பேரு."

பெரியவர் சிரித்தார். "கை மாறினா நெசவும் மாறும். இதுக்கு எதுக்கு இத்தனை கூச்சல்?"

மறுபடியும் தறி ஓடியது. ஆனால் பெரியவர் சொன்ன வார்த்தை என் மனதில் நின்று விட்டது. பிள்ளைகளின் சண்டை வீண் சண்டை அல்ல. அது ஆரணியின் சண்டையும்தான். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இருட்டுக் கதை

மேக்ஸ் பெய்ன் ஒரு போலீஸ்காரன். ஊர் நியூயார்க். ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான். மனைவியும் கைக்குழந்தையும் கொலையாகிக் கிடக்கிறார்கள். அன்று முதல் அவனுக்குத் தூக்கம் இல்லை, சிரிப்பு இல்லை. கொட்டும் பனியில், நடு இரவில், கொலைகாரர்களைத் தேடிப் போகிறான். ஆங்கிலத்தில் 'பெய்ன்' என்றால் வலி. ஆளின் பெயரிலேயே வலி இருக்கிறது.

இப்படிப்பட்ட கதைக்கு மேல்நாட்டில் 'நுவார்' கதை என்று பெயர். நுவார் என்பது பிரெஞ்சுச் சொல். கறுப்பு என்று பொருள். இருட்டுத் தெரு, மழை, சிகரெட் புகை, துரோகம், மனச்சாட்சி - இவைதான் அதன் சரக்கு. நமக்கும் இது புதிது அல்ல. 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். சிவாஜி கணேசன் நடித்த படம். ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. ஒரு கொலை, கொன்றது யார் என்ற கேள்வி, திரை முழுவதும் நிழல். அந்த வகைக் கதைதான் இது. ஒரே ஒரு வித்தியாசம். படத்தை நாம் பார்க்கிறோம். விளையாட்டில் நாமே அந்த ஆளாக நடக்கிறோம், நாமே சுடுகிறோம்.

இந்த விளையாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் காலம் மெதுவாக நகரும். சினிமாவில் ஸ்லோ மோஷன் வருமே, அது போல. பறந்து வரும் குண்டையே கண்ணால் பார்க்கலாம். இதற்காகவே ஆயிரம் தடவை ஆடியவர்கள் உண்டு.

வீட்டுத் தறியில் பிறந்தது

முதல் பாகம் 2001-ல் வந்தது. செய்தவர்கள் அமெரிக்கர்கள் அல்ல, பின்லாந்து நாட்டுக்காரர்கள். ரெமடி என்பது கம்பெனியின் பெயர். 1995-ல் தொடங்கிய சிறு கம்பெனி.

கதை எழுதியவர் சாம் லேக். நடிகர்களை வைக்கப் பணம் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கதை எழுதியவரின் முகத்தையே படம் பிடித்துக் கதாநாயகனுக்கு ஒட்டினார்கள். அவருடைய தாயார் வில்லியின் முகமானார். கூட வேலை செய்தவர்களும் நண்பர்களும் மற்ற வேடங்களை எடுத்துக் கொண்டார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் நெசவாளர் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. அப்பா தறியில் உட்காருவார். அம்மா தார் சுற்றுவாள். பிள்ளை இழை அறுந்தால் முடிவான். பாட்டி நூல் பிரிப்பாள். சேலையில் ஒருவர் பெயரும் இருக்காது. ஆனால் வீடு முழுவதும் அதில் இருக்கும். முதல் மேக்ஸ் பெய்ன் அப்படிப்பட்ட வீட்டுத் தறிச் சேலை.

சேலை நன்றாக விற்றது. உடனே வியாபாரி வந்தார். 2002-ல் அமெரிக்காவின் டேக்-டூ கம்பெனி 'மேக்ஸ் பெய்ன்' என்ற பெயரையும் உரிமையையும் விலைக்கு வாங்கியது. ராக்ஸ்டார் என்ற புகழ் பெற்ற விளையாட்டுக் கம்பெனியும் அதனுடையதுதான். அன்று முதல் பெயர் ஓர் இடத்தில். கை ஓர் இடத்தில்.

இரண்டாம் சேலை

இரண்டாம் பாகத்தைப் பழைய கைகளே நெய்தன. 2003 அக்டோபரில் வந்தது. எழுதியவர் அதே சாம் லேக். கதாநாயகனின் முகத்துக்கு மட்டும் திமதி கிப்ஸ் என்ற நடிகரை வைத்துக் கொண்டார்கள். குரல் பழைய குரல்தான். ஜேம்ஸ் மக்காப்ரியின் குரல்.

ஒரு பாவு முடிந்ததும் நெசவாளி என்ன செய்வார்? பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழைக்கு இழை சேர்த்துப் பிணைப்பார். ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை தவறினாலும் சேலையில் தெரிந்து விடும். இரண்டாம் பாகம் அப்படிப் பிணைத்த பாவு. பழைய வலி இருக்கிறது. ஆனால் ஊடை புதிது. முதல் கதை பழி வாங்கும் கதை. இரண்டாம் கதை காதல் கதை. மோனா சாக்ஸ் என்ற பெண்ணை மேக்ஸ் விரும்புகிறான். அவளோ போலீஸ் தேடும் கொலைகாரி. கடமையா, காதலா? எதை விட்டாலும் வலிதான்.

ஆடியவர்கள் என்ன சொன்னார்கள்? விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். ஆடியவர்களிலும் பலர் புகழ்ந்தார்கள். ஆனால் ஒரு குறையைப் பலரும் சொன்னார்கள்: "சின்னதாக இருக்கிறது. சீக்கிரம் முடிந்து விடுகிறது. கொடுத்த பணத்துக்குப் போதாது."

இந்தக் குறை நியாயமா? சேலை ஒரு முழம் குறைந்தால் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஏனென்றால் சேலைக்கு அளவு உண்டு. கட்டினால் குறை தெரிந்து விடும். கதைக்கு அப்படி அளவு ஏது? திருக்குறளுக்கு ஒன்றே முக்கால் அடி. அதை யாராவது குட்டை என்று திருப்பிக் கொடுத்தார்களா? கதை முடிய வேண்டிய இடத்தில் முடிந்தால் அதுதான் அதன் அளவு. வளர்த்து நீட்டினால் அது கஞ்சி போட்ட துணி. ஒரு தண்ணீரில் சாயம் வெளுத்து விடும்.

இன்னொரு விஷயம். கதையின் முடிவு சோகம். ஆனால் மிகக் கடினமான படியில் ஆடி ஜெயித்தவனுக்கு மட்டும் வேறு முடிவு காத்திருக்கிறது. அதில் மோனா பிழைத்துக் கொள்கிறாள்! "சோகம்தான் சரி" என்று ஒரு கட்சி. "அவ்வளவு பாடுபட்டு ஆடினேன், அவளைப் பிழைக்க வைத்தது என் கூலி" என்று ஒரு கட்சி. நான் முதல் கட்சி. ஆனால் இரண்டாம் கட்சிக்காரன் முகத்தில் தெரியும் சந்தோஷத்தைப் பார்த்தால் வாதாட மனம் வராது.

இவ்வளவு நல்ல சரக்கு எப்படி விற்றது? எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. நல்ல சேலை அலமாரியில் தூங்குவது ஆரணிக்குத் தெரியாததா?

வெயிலில் வந்த மூன்றாம் சேலை

பிறகு ஒன்பது வருஷம் மௌனம். 2012-ல் மூன்றாம் பாகம் வந்தது. இந்தத் தடவை நெய்தது ராக்ஸ்டார். எழுதியது சாம் லேக் அல்ல. ஊர் நியூயார்க் அல்ல. பெரும்பாலும் பிரேசில் நாட்டுச் சாவோ பாலோ. பனி போய் வெயில் வந்தது. மேக்ஸ் தலையை மொட்டை அடித்துக் கொண்டான். ஒரு பணக்காரக் குடும்பத்துக்குக் காவலாளாக இருக்கிறான். குடிக்கிறான், வலி மாத்திரைகளை விழுங்குகிறான்.

பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். "இருட்டு எங்கே? பனி எங்கே? இவன் எங்கள் மேக்ஸ் இல்லை" என்றார்கள். "நடுநடுவே சினிமா ஓடுகிறது. தள்ளி விடலாம் என்றாலும் பல இடங்களில் முடியவில்லை. விளையாட வந்தோமா, பார்க்க வந்தோமா?" என்றும் கேட்டார்கள். புதிதாக ஆடியவர்களோ, "சுடுகிற வித்தையில் இதற்கு ஈடு இல்லை" என்றார்கள். இரண்டு பக்கமும் உண்மை சொன்னது.

என் கருத்தைச் சொல்கிறேன். மூன்றாம் பாகம் மட்டமான சரக்கு அல்ல. உழைப்பு தெரிகிறது. வெயில் வந்தது குற்றம் அல்ல. மனசு இருண்டவனுக்கு நண்பகலும் இருட்டுத்தான். குரலும் அதே மக்காப்ரியின் குரல். ஆனால் வாங்கியவன் ஏன் வருந்தினான்? அவன் கேட்டது ஒரு கை. கிடைத்தது ஒரு பெயர். கை மாறியதை எத்தனை பேர் கவனித்து வாங்கினார்கள்? பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருந்தது பழைய பெயர்தானே!

ஆரணிக்கு என்ன சம்பந்தம்?

இங்கேதான் திண்ணைச் சண்டை தறிக்குள் நுழைகிறது.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1999-ம் வருஷத்துச் சட்டப்படி அந்தப் பெயர் இந்த ஊருக்கு உரியது. வேறு ஊர்க்காரர் அந்தப் பெயரைப் போட்டு விற்கக் கூடாது. கைத்தறிக்கு என்று சில ரகங்களை ஒதுக்கி 1985-ல் ஒரு சட்டமும் வந்தது. சில்க் மார்க் என்ற முத்திரையும் உண்டு. அது சுத்தப் பட்டுதான் என்பதற்கு அடையாளம்.

இத்தனை காவல் எதற்கு? பெயரும் கையும் பிரிந்து போகக் கூடாது என்பதற்குத்தான். அப்படியும் பிரிகின்றன. ஆரணியில் நெய்த சேலை வேறு ஊர்ப் பெயரில் விலை போகிறது என்பது இங்கே பழைய மனக்குறை. விசைத்தறியில் ஓடிய சேலை கைத்தறி என்ற பெயரில் விற்பதும் அப்படியே. ஒன்றில் கை நம்முடையது, பெயர் அடுத்தவருடையது. மற்றதில் பெயர் நம்முடையது, கை அடுத்தவருடையது. பின்லாந்துக்காரர்களுக்கு நேர்ந்ததும் இதுதான்.

தறிக்கும் கம்ப்யூட்டருக்கும் ரத்த சம்பந்தமே உண்டு. தறிக்கு மேலே தொங்குகிறதே ஜக்கார்டு பெட்டி, அதை 1804-ல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் அமைத்தார். அட்டையில் ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. இப்படித்தான் பூவும் மயிலும் சேலையில் வருகின்றன. 1830-களில் இங்கிலாந்தில் பாபேஜ் என்பவர் கணக்குப் போடும் பெரிய யந்திரம் ஒன்றைத் திட்டம் போட்டார். அதற்கு உத்தரவு கொடுக்க இந்த அட்டையைத்தான் நினைத்தார். உண்டு, இல்லை - இந்த இரண்டு வார்த்தையில்தான் இன்றைய கம்ப்யூட்டரும் ஓடுகிறது. ஆகவே மகன் ஆடும் விளையாட்டு, அப்பாவின் தறிக்குத் தூரத்துப் பேரன்!

பெற்றோரே, ஒரு வார்த்தை

இது குழந்தைகள் விளையாட்டு அல்ல. ரத்தம் உண்டு, கொலை உண்டு, குடி உண்டு. மூன்று பாகங்களுக்கும் அமெரிக்காவில் 17 வயது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைப் பெட்டியின் மேலேயே அச்சடிக்கிறார்கள். சிறு பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

வயது வந்த மகன் ஆடினால் மட்டும் என்ன செய்வது? "பொழுதைக் கெடுக்கிறான்" என்று கத்துவதற்கு முன்னால், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன கதை?" என்று கேளுங்கள். சொல்வான். "எது நல்லா இருக்கு, எது மோசம்?" என்று கேளுங்கள். இன்னும் அதிகமாகச் சொல்வான். வாங்கிய பொருளைத் தொட்டுப் பார்த்து, குறை நிறை சொல்லத் தெரிந்த பிள்ளை ஏமாற மாட்டான். நாளைக்குச் சேலை வாங்கினாலும் ஏமாற மாட்டான்.

2022 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது. முதல் இரண்டு பாகங்களையும் புதிதாகச் செய்யும் வேலை ரெமடிக்கே கிடைத்திருக்கிறது. பணம் போடுவது ராக்ஸ்டார். பெயர் பழைய கையைத் தேடி வந்து விட்டது! ஆனால் குரல் கொடுத்த மக்காப்ரி 2023 டிசம்பரில் காலமாகி விட்டார். அவரைப் புதிதாக ஒரு சொல் பேச வைக்க இனி யாராலும் முடியாது. கையைத் தேடுவதில் தாமதித்தால், ஒரு நாள் கையே இல்லாமல் போய் விடும். நெசவு கற்ற பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகும் ஊருக்கு இதை விளக்கவா வேண்டும்?

அடுத்த தடவை கடைக்குப் போகும்போது, விளையாட்டுப் பெட்டி ஆனாலும் சரி, பட்டுச் சேலை ஆனாலும் சரி, பெயரைப் படித்து விட்டு நின்று விடாதீர்கள்.

"இதை நெய்த கை யாருடையது?" என்று கேளுங்கள்.

பதில் சொல்லத் தயங்கும் கடையில், பையை மூடிக் கொண்டு வெளியே வந்து விடுங்கள்.