பாலில் குறை இல்லை!

கோபாலபுரத்தில் ஒரு வீடு. மருமகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் எடை 1,200 கிராம். ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறது.

உறிஞ்சிக் குடிக்க அதற்குத் தெம்பு இல்லை. தாய் பாலைப் பீய்ச்சிக் கொடுக்கிறாள். அதை நர்சு மெல்லிய குழாய் வழியாகக் குழந்தையின் வயிற்றுக்குள் செலுத்துகிறார்.

சில நாள் கழித்து டாக்டர் வருகிறார். "இனிமேல் பாலில் கொஞ்சம் சத்துப் பொடி சேர்க்க வேண்டும்" என்கிறார்.

அவ்வளவுதான்! வீட்டில் பேச்சு கிளம்பிவிடுகிறது. "உன் பாலில் சத்து இல்லையாமே அம்மா! டாக்டரே சொல்லிவிட்டாராமே!" என்கிறார் மாமியார். பெற்றவள் மனம் உடைகிறது. சத்தில்லாத பாலை எதற்குப் பீய்ச்ச வேண்டும் என்று சோர்ந்து போகிறாள். எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும், எடுக்காவிட்டால் வற்றிவிடும். நஷ்டம் யாருக்கு? அந்தப் பச்சைக் குழந்தைக்கு!

குறை எங்கே?

குறை தாயிடம் இல்லை. பாலிலும் இல்லை. காலத்தில்தான் குறை.

எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும் பகுதி, கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகிறது. முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு கிடைக்கவில்லை. வயிற்றுக்குள் இருந்தபடி வேகமாக வளர வேண்டிய நாட்களை அது வெளியே கழிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 1,200 கிராம் குழந்தைக்கு ஒரு நாளைக்குக் கொடுக்கக்கூடிய பால் சுமார் 200 மில்லி. அதில் உள்ள புரதம் இரண்டு, இரண்டரை கிராம். அந்தக் குழந்தைக்குத் தேவையோ நான்கு கிராமுக்கு மேல்! இன்னும் அதிகமாகப் பால் கொடுக்கலாம் என்றால், அந்தச் சின்ன வயிறு தாங்காது. ஆகவேதான் அதே பாலில் புரதம், சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ், வைட்டமின்கள் கொண்ட பொடியை அளந்து கலக்கிறார்கள்.

பொடி, தாய்ப்பாலுக்குப் பதில் அல்ல, துணை. குறைமாதக் குழந்தைகளைப் பயமுறுத்தும் கொடிய குடல் நோய் ஒன்று உண்டு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது குறைவாகவே வருகிறது. இந்தக் காவலை எந்த டப்பாப் பாலும் தராது.

எல்லோருக்கும் அல்ல

இந்தப் பொடி எல்லாக் குழந்தைகளுக்கும் வேண்டியதில்லை. 32 வாரம் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும், 1,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்கும் சேர்ப்பது பற்றி யோசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கூறியது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும்.

டாக்டர் சொல்லாமல் வீட்டில் எதையும் கலக்கக் கூடாது. பசும்பால், சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப் பால் எதுவும் வேண்டாம். பொடியிலும் "ஒரு சிட்டிகை கூடப் போட்டால் சீக்கிரம் தேறும்" என்று நினைப்பது ஆபத்து. அளவு மிஞ்சினால் பிஞ்சுக் குடல் தாங்காது. சுத்தம் குறைந்தால் கிருமி புகும்.

வீட்டார் கடமை

மருமகள் இரவு பகலாக, நாளைக்கு எட்டுத் தடவையாவது பால் எடுக்க வேண்டும். அவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடும், தூக்கமும், ஒரு நல்ல வார்த்தையும் கொடுப்பது வீட்டார் கடமை. டாக்டர் அனுமதித்ததும், குழந்தையை அவள் மார்போடு தோல் படும்படி அணைத்து வைத்திருக்கட்டும். கங்காரு முறை என்று இதைச் சொல்வார்கள். குழந்தைக்குச் சூடு கிடைக்கும். தாய்க்குப் பாலும் ஊறும்.

தாய்க்குப் பால் போதாவிட்டால் டப்பாவை நாடுவதற்கு முன், தாய்ப்பால் வங்கி உண்டா என்று கேட்க வேண்டும். ஆசியாவிலேயே முதல் வங்கி 1989-ல் பம்பாய் சயான் ஆஸ்பத்திரியில் தோன்றியது. 2015-ல் தமிழக அரசு, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி உள்பட 7 இடங்களில் வங்கிகளைத் தொடங்கியது. மற்றத் தாய்மார்கள் தானமாகத் தரும் பாலை, 62.5 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கிக் கொடுக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்கும் பொறுப்பு உண்டு

2020-ல் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. உலகில் அப்படிப் பிறந்தவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இது! இத்தனை வீடுகளுக்கும் பொடிப் பொட்டலம் மட்டும் போதாது. விளக்கமும் போக வேண்டும்.

பொடி எழுதித் தரும் டாக்டர், தாயையும் மாமியாரையும் ஒன்றாக உட்கார வைத்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். "பால் நல்ல பால்தான் அம்மா. குழந்தை அவசரப்பட்டுப் பிறந்துவிட்டது. அதற்காகக் கொஞ்சம் சேர்க்கிறோம். நீ பால் எடுப்பதை நிறுத்திவிடாதே" என்று சொல்ல வேண்டும். ஏழைக் குடும்பத்துக்குப் பொடியின் விலை பாரமாகாமல் அரசு பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடை ஏறும் ஒவ்வொரு கிராமும் அந்தக் குழந்தைக்கு ஒரு வெற்றி. வெற்றிக்கு முதல் காரணம் தாயின் பால். அதைக் குறை சொல்லிக் கெடுத்துவிடாமல் இருப்பதே, சுற்றியிருப்பவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி!