சீட்டுக்கு ஆள் பிடிக்கிற மாணவனுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் படித்த ஒருவன் சீட்டு விளையாட்டு ஒன்று தயாரித்திருக்கிறான். பெயர் சொல்லமாட்டேன், அவனே கமெண்டில் வந்து நிற்பான். சீட்டு என்றதும் மதுரைச் சித்தி பதற வேண்டாம், ஏலச்சீட்டும் இல்லை, ரம்மியும் இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கேள்வி. எடுத்தவர் மனம் திறந்து பதில் சொல்ல வேண்டும். அப்படிப் பேசிப் பேசி ஆள் பக்குவப்பட வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. பெட்டிகள்தான் விற்காமல் அவன் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. "சார், உங்கள் மாணவர்கள் எத்தனை கம்பெனிகளில் பெரிய பதவியில் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள். பள்ளிக்கூடங்களிலும் சொல்லுங்கள்" என்கிறான்.

இரண்டு இடத்திலும் சொல்லமாட்டேன். காரணத்தை எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களில் நாலைந்து பேர் ஹெச்.ஆர். வேலையில் இருக்கிறீர்கள், இதுபோன்ற பெட்டிகளை வாங்கிப் பயிற்சி வகுப்பும் நடத்துகிறீர்கள்.

வட்டமாக நாற்காலி போட்டு உட்கார வைக்கிறீர்கள். 'உன்னுடைய மிகப் பெரிய பயம் எது?' என்று சீட்டு வருகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் வருகிற மாதம் அப்ரைசல் எழுதப் போகிறவர். வேலை போய்விடுமோ என்பதுதான் அந்தப் பிள்ளையின் பயம். அதை அங்கே சொல்ல முடியுமா? "மேடைப் பேச்சுதான் சார் பயம்" என்று பொய் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவான். மறுக்க முடியாத இடத்தில் உட்கார வைத்துக் கேட்பதற்கு விசாரணை என்று பெயர்.

பள்ளிக்கூடம் இதைவிட மோசம். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்றவன் சொல்கிறேன். 'வீட்டில் உன்னை வருத்தப்பட வைத்தது எது?' என்ற சீட்டு எட்டாம் வகுப்புப் பையன் கையில் வந்தால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான். பிள்ளைகள் அப்படித்தான். அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பதைச் சொல்வான். நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சத்துணவு மணி அடிப்பதற்குள் அவனுக்கு அது பட்டப்பெயராகிவிடும். சாயங்காலம் செய்தி அந்த அப்பாவின் காதுக்குப் போகும். அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று பெட்டி விற்றவன் யோசித்தானா? பிள்ளை வாயைத் திறந்தால் அடுத்து யாரிடம் அழைத்துப் போவது, 1098-க்கு யார் போன் செய்வது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்தச் சீட்டுகள் வகுப்பறைக்குள் நுழையக் கூடாது. தலைமையாசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, யார் வந்து கேட்டாலும் மறுத்துவிடுங்கள். நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்.

இந்த விளையாட்டு புதியதும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ரியா ஜாக்கிச் என்ற அம்மாள், தொண்டைக் கோளாறால் மாதக்கணக்கில் பேச முடியாமல் இருந்தபோது, கேள்விகளைத் தாள்களில் எழுதித் தன் கணவரோடும் பிள்ளைகளோடும் விளையாடிப் பார்த்தார். 'அன்கேம்' என்று பின்னால் கடைக்கு வந்தது அதுதான். வெற்றி தோல்வி கிடையாது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. நம் கல்யாண வீடுகளில் இந்த ஒரு விதியை மட்டும் அமல்படுத்திப் பாருங்கள், பாதிச் சண்டை குறையும். 1997-ல் ஆர்தர் ஏரன் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும், முன்பின் தெரியாத இருவரை முக்கால் மணி நேரத்தில் நெருங்க வைக்க 36 கேள்விகள் வெளியிட்டார்கள். அவை மூன்று தொகுதி, லேசானதில் தொடங்கிப் படிப்படியாக ஆழம் போகும். நம்மவன் பெட்டியில் முதல் சீட்டே 'நீ இன்னும் மன்னிக்காதவர் யார்?' வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே பீரோ சாவியைக் கேட்கிறான்!

அந்த அம்மாளின் தாள்கள் முதலில் போன இடம் சொந்த வீடு. நம்மிடமும் அப்படி ஒன்று உண்டு. பரமபதம். இன்ன குணம் ஏணி, இன்ன குணம் பாம்பு என்று கட்டத்துக்குக் கட்டம் எழுதி வைத்த விளையாட்டு. அதற்கு யாரும் ஆள் பிடிக்கவில்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் தூங்கக் கூடாது, விடியும் வரை என்ன செய்வது? பாட்டி பலகையை விரிப்பாள், ஜனம் தானாக வந்து உட்காரும்.

தம்பி, வாங்குகிறவன் யார் என்று தேடுகிறாய். எந்த இரவில் விரிப்பார்கள் என்று தேடு. வீட்டுக்குப் பெரியவர் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தி எடுத்து, சொந்தமெல்லாம் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருக்கும் இரவு இருக்கிறதே, அங்கே தூக்கம் வராது, டி.வி.யும் போட முடியாது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஏழு நாள் கிராமத்தில் தங்கும் கல்லூரிப் பிள்ளைகளின் இரவுகள். செங்கோட்டைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸ்ஸில் விளக்கணைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம். முன்பெல்லாம் அந்தப் பெட்டியில் ஊர், தொழில், மகள் ஜாதகம் எல்லாம் தெரிந்துவிடும். இப்போது எட்டு பேரும் எட்டு போன். நூலக வாசகர் வட்டங்களும் உண்டு, ஆனால் அங்கே நாங்கள் ஓய்வு பெற்றவர்கள் சீட்டு இல்லாமலே நிறைய பேசுகிறோம்.

இன்னொன்று. நம் வீடுகளில் கேள்வி மேலிருந்து கீழே மட்டும்தான் வரும். எத்தனை மார்க், எப்போது கல்யாணம், விசேஷம் உண்டா. கீழிருந்து மேலே போனால் வாய்த்துடுக்கு. தாத்தாவிடம் "நீங்கள் எதற்குப் பயந்தீர்கள்?" என்று பேத்தி கேட்க முடியாது. சீட்டு கேட்கலாம், அவள் வாசிக்கிறாள், அவ்வளவுதான். உன் பெட்டிக்கு விலை இருக்கிறதென்றால் இதற்குத்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு 'உங்களின் சிறந்த பதிப்பாக மாற எது தடுக்கிறது?' என்று அச்சடித்திருக்கிறாய். நான் என்ன பாடநூலா, பதிப்பு போட? 'முதல் சம்பளத்தில் யாருக்கு என்ன வாங்கிக் கொடுத்தீர்கள்?' என்று கேள். எழுபது வயதுக்காரர் ஒரு மணி நேரம் பேசுவார், நடுவில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

கேள்விகளைத் திருத்தி, லேசானதை மேலே அடுக்கி, 'இதற்குப் பதில் சொல்ல விருப்பமில்லை' என்ற சீட்டு ஆளுக்கு இரண்டு சேர்த்து, மார்கழிக்குள் கொண்டு வா. வைகுண்ட ஏகாதசி இரவு எங்கள் வீட்டில் பரமபதத்தோடு உன் பெட்டியையும் விரிக்கிறேன். உள்ளூரில் இருக்கும் மாணவர்கள் குடும்பத்தோடு வரலாம். சுக்குக் காப்பி உண்டு. வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாய் இரவல் வாங்க வேண்டும்.