வார் என்பது குறுக்குவழி அல்ல

துப்பாக்கி வாரைக் கையில் இறுக்கிச் சுடுவதைத் திறமைக் குறைவு என்பது தவறு. 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். தசை பலத்தால் மட்டும் தாங்கினால் கை களைத்து நடுங்கும். மேற்கையைச் சுற்றிய வார், துப்பாக்கியின் எடையை எலும்புகளின் மீது இறக்கித் தசையைத் தளரவிடுகிறது.

வார் இருந்தால் யாரும் சுட்டுவிடலாமே என்பார்கள். அப்படியல்ல, இடம் தவறி இறுக்கினால் நாடித்துடிப்பே குறியை ஆட்டிவிடும். மண்டியிட்டும் படுத்தும் சுடும்போது வாரை அனுமதிக்கும் சர்வதேச விதி, நின்று சுடும்போது தடுக்கிறது. ஆக, இரு திறமைகளுமே சோதிக்கப்படுகின்றன. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்த மூன்று நிலைப் போட்டியில்தான். நம் பயிற்சியாளர்கள் வார் கட்டும் முறையைத் தொடக்கத்திலேயே கற்றுத்தர வேண்டும்.