பழைய போனுக்குள் கிடக்கும் படங்கள்

ஊரிலிருந்து புறப்பட்டபோது எம்மில் அநேகர் அல்பம் கொண்டுவரவில்லை. சட்டைப்பையில் கிடந்த போன் மட்டும் எம்மோடு வந்து சேர்ந்தது. பிரான்சில் புதுப் போன் வாங்கியதும் பழையது மேசை லாச்சிக்குள் போய்விட்டது. அம்மாவின் முகமும், வீட்டு முற்றமும், அடையாள அட்டையின் படமும் அதற்குள்தான் இருக்கின்றன.

முதலில் பற்றரியைப் பாருங்கள். பின்பக்கம் வீங்கியிருந்தால் சார்ஜில் போடவே வேண்டாம், தீப்பிடிக்கக்கூடும். கடையில் கொடுத்து வேறு பற்றரி போடுவியுங்கள். வீக்கம் இல்லையென்றால் அரை மணி நேரமாவது சார்ஜில் விட்டு, பக்கத்திலேயே இருங்கள். நெடுநாள் கிடந்த போன் உடனே விழிக்காது.

அடுத்தது வயர். அதிகம் பேர் மாட்டுப்படுவது இங்கேதான். சில மலிவு வயர்களில் மின்சாரம் போகும் கம்பி மட்டுமே உண்டு, தகவல் போகும் கம்பி இராது. போனில் சார்ஜ் ஏறும், கொம்பியூட்டரோ ஒன்றையும் காட்டாது. போன் பழுது என்று எறிந்துவிடாமல் வேறு வயர் போட்டுப் பாருங்கள்.

அன்ட்ரொயிட் போன் என்றால், பூட்டைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுங்கள். யூ.எஸ்.பி. பற்றி ஓர் அறிவித்தல் இருக்கும். அதைத் தொட்டு, கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தெரிவு செய்யுங்கள். கமராவில் எடுத்தவை டி.சி.ஐ.எம். என்ற போல்டரில் இருக்கும். வட்ஸ்அப்பில் வந்தவை வட்ஸ்அப் போல்டரில், மீடியா என்பதற்குள் கிடக்கும். ஐபோன் என்றால், இந்தக் கொம்பியூட்டரை நம்பலாமா என்று கேட்கும். ஆம் என்றால்தான் படம் தெரியும்.

பிரெஞ்சுக் கொம்பியூட்டரில் 'கொப்பியே' என்பது பிரதி, 'கூப்பே' என்பது வெட்டு. கூப்பேயைத் தொடாதீர்கள். கொப்பியே, பிறகு 'கொலே', அவ்வளவுதான். நூலகத்துக் கொம்பியூட்டர் என்றால் படங்களை நேரே பென்டிரைவில் ஒட்டுங்கள்.

எம்மோடு பொதி கட்டும் பகுதியில் நிற்கும் அக்கா ஒருவர், ஊரில் தகப்பனின் செத்தவீட்டுக்குப் போக முடியாமல் இருந்தவர். அவரது படங்கள் இருந்த போனின் திரை வெளிச்சம் காட்டியது, தொட்டால் அசையவில்லை. ஓ.டி.ஜி. எனும் சிறிய இணைப்பியும் ஒரு ஹப்பும் வாங்கி, மவுஸையும் பென்டிரைவையும் போனிலேயே செருகினோம். திரையில் அம்புக்குறி வந்தது. மவுஸால் பின் நம்பரை அடித்துத் திறந்து, படங்களைப் பென்டிரைவுக்கு மாற்றினோம். எல்லாப் போனும் இதற்கு இடங்கொடாது. ஆனாலும் புதுத் திரைக்குக் காசு கொடுக்குமுன் முயன்று பார்க்கலாம். அக்கா அன்று இரவுச் சாப்பாட்டு இடைவேளையில் ஒன்றும் சாப்பிடவில்லை, படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின் நம்பர் மறந்துபோனால் நிலைமை வேறு. கடைக்காரர் "ரீசெட் பண்ணித் தாறன்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். போன் திறக்கும், அதற்குள் இருந்த படங்கள் அழிந்துவிடும். பழைய மெமரி காட் உள்ளே இருந்தால் அதைக் கழற்றித் தனியே வாசித்துப் பாருங்கள், சிலவேளை படங்கள் அதில் இருக்கும்.

அகதி வழக்கு நடப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கமரா எடுத்த மூலப் படத்தினுள் எடுத்த திகதியும், சிலவற்றில் இடமும் பதிந்திருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சிறுத்து, அந்தப் பதிவும் போய்விடும். வயர் மூலம் எடுத்த பிரதியையே சட்டத்தரணியிடம் பென்டிரைவில் கொடுங்கள். பழைய போனையும் எறியாமல் வைத்திருங்கள்.

பிரதி இரண்டு எடுங்கள். ஒன்று வீட்டில், மற்றது நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்கட்டும். மக் கொம்பியூட்டரில் அன்ட்ரொயிட் போன் நேரடியாகத் திறப்பதில்லை. அதற்கான வழியை அடுத்த இதழில் எழுதுவோம்.