குக்குலுவையும் சோதித்துப் பார்ப்போம்

ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது என்று தெரிந்ததும், ‘இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம், மூலிகைச் சாறே போதும்’ என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. கொழுப்பைக் குறைக்க டாக்டர்கள் தரும் ஸ்டாட்டின் மாத்திரைகளே, ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையில் கண்டெடுத்த பொருளின் வழிவந்தவைதான். இயற்கையில் மருந்து உண்டு. எது, எவ்வளவு, யாருக்கு என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

ராஜஸ்தான், குஜராத்தின் வறண்ட நிலங்களில் வளரும் ஒரு செடியின் பிசின் குக்குலு. சுஸ்ருத சம்ஹிதையில் உடல் பருமன் பற்றி வரும் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, 1960-களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் அதைப் பற்றிய ஆய்வு தொடங்கியது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சாறு 1980-களில் விற்பனைக்கும் வந்தது. 1994-ல் வெளியான இந்திய ஆய்வொன்றில், 61 பேரில் குக்குலு எடுத்த பாதிப் பேருக்கு, எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு சுமார் 12 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் 2003-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில், 103 பேரை 8 வாரம் கவனித்தபோது, குக்குலு எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். 4 முதல் 5 சதவீதம் ஏறியது. வெற்று மாத்திரை விழுங்கியவர்களுக்கோ இறங்கியது! சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

அமெரிக்கர்களின் சாப்பாடு வேறு, உடல்வாகு வேறு என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் இங்கேயே சில ஆயிரம் பேரிடம் சோதிக்கலாமே. பாதகமான முடிவைக் கண்டுகொள்ளாமல் டப்பாவில் ‘கொழுப்பைக் கரைக்கும்’ என்று அச்சிடுவது நியாயமா? மருந்துக் கம்பெனிகள் மூலிகையை மட்டம்தட்டுகின்றன என்ற புகாரில் கொஞ்சம் உண்மை உண்டு. பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை உள்ளிட்ட ஆறு பொருள்கள் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை என்று 2022-ல் சொன்ன ஆய்வுக்குப் பணம் கொடுத்தது, அதில் ஒப்பிடப்பட்ட ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரையை விற்கும் நிறுவனமே. ஆனால் பூண்டை 6 மாதம் கொடுத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வும் பலன் இல்லை என்றே சொன்னது. இசப்கோல் உமியோ சோதனைகளில் தேறியிருக்கிறது, எல்.டி.எல்.லைச் சற்றே குறைக்கிறது. செடி என்பதற்காக அதை எந்த விஞ்ஞானியும் ஒதுக்கவில்லை.

‘பக்கவிளைவே கிடையாது’ என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் புரோப்ரனலால், டில்டியாசெம் மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் குக்குலு குறைக்கக்கூடும். மூலிகைச் சாறு சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.