சுரங்கத்துக்குள் ஒரு கிரேக்கன்

தமிழ்நாட்டில் கோட்டை இருக்கிற ஊரில் எல்லாம் ஒரு சுரங்கமும் இருக்கும். பார்த்தவர் யாருமில்லை. பார்த்தவரைத் தெரிந்தவர் மட்டும் தெருவுக்கு நாலு பேர்.

வாலாஜாபேட்டையில் டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் சொன்னார்: ''இங்கேர்ந்து ஆற்காட்டுக் கோட்டைக்குச் சுரங்கம் போவுது சார். நவாபு குதிரையிலயே போவாரு.''

''நடுவுல பாலாறு இருக்கே?''

''அதுக்கும் அடியில சார்!'' என்றார், என்னைப் பரிதாபமாகப் பார்த்து.

வேலூர்க் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்கு 12 கிலோமீட்டர் சுரங்கம் என்பதும் இதே ரகம்தான். ஆதாரமே இல்லை என்று தொல்லியல் துறை கைவிரித்துவிட்டது.

சரி, சுரங்கம் கிடைக்காவிட்டால் போகட்டும், அந்த வார்த்தையையாவது தோண்டலாமே என்று ஆரம்பித்தேன். மறுமுனை கிரேக்க நாட்டில் திறக்கிறது!

கிரேக்க மொழியில் 'சிரிங்ஸ்' என்றால் நாணல் குழல். பான் என்ற ஆட்டுக்கால் தேவன் ஒரு வனதேவதையைத் துரத்த, அவள் நாணலாக மாறிவிட, அவன் அதையே வெட்டிக் குழலாக்கி ஊதினானாம். (விடாக்கண்டன்!) பிறகு குழாய் மாதிரி இருப்பதெல்லாம் சிரிங்ஸ் ஆயிற்று. நர்ஸம்மா கையில் இருக்கும் சிரிஞ்சும் இந்தக் குடும்பம்தான்.

படைக்காரர்கள் இதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். எதிரியின் மதிலுக்கு அடியில் தோண்டும் வழிக்கு அந்தப் பெயர். கி.மு. 189-ல் அம்ப்ரேசியா நகரை ரோமானியர் முற்றுகையிட்டுச் சுரங்கம் தோண்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் மெல்லிய வெண்கலப் பாத்திரங்களை வரிசையாக வைத்து, எது அதிர்கிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டார்கள். இடம் தெரிந்ததும் எதிர்ச் சுரங்கம் தோண்டி, ஜாடியில் இறகுகளைப் போட்டு எரித்து, துருத்தியால் புகையை ஊதினார்கள். தோல் ஷாப் காற்றில் பழகிய ராணிப்பேட்டை மூக்குகூட அதைத் தாங்கியிருக்காது.

இந்த சிரிங்ஸ்தான் அர்த்தசாஸ்திரத்தில் 'சுருங்கா' என்று வருகிறது என்று 1920-களில் ஓட்டோ ஷ்டைன் என்ற அறிஞர் எழுதினார். தமிழில் அது சுருங்கை, சுரங்கம்.

''அதெப்படி? 'சுருங்கு' என்ற நம்ம சொல்லிலிருந்து வந்ததுதான் சுருங்கை'' என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. தீர்ப்பு இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். கோவலன் மதுரைக்குள் நுழைகிற வழி, யானைக் கூட்டம் போகிற சுருங்கை. யானை போகுமளவுக்குச் சுருங்கியிருக்கிறது! அதைத் தாண்டியதும் கோட்டை வாசலில் வாளோடு காவல் நிற்பது யார்? யவனர்! வார்த்தையும் அதைக் கொண்டுவந்திருக்கக் கூடியவனும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கிறார்கள். சாட்சிக்கு இது போதாது. சந்தேகத்துக்கு நிறையவே போதும்.

இதில் ரோஷப்பட ஒன்றுமில்லை. நம் இஞ்சி மேற்கே போய் 'ஸிங்கிபெரிஸ்' ஆகி, 'ஜிஞ்சர்' என்று திரும்பி வந்திருக்கிறது. அந்நிய வார்த்தைக்கு வாசலைத் திறக்கிற பாஷை தேய்ந்துவிடாது. கல்லும் சுண்ணாம்பும்தான் தேயும். 1751-ல் கிளைவ் 50 நாள் முற்றுகையைத் தாங்கிய ஆற்காட்டுக் கோட்டையில், இன்று அடையாளம் சொல்ல டில்லி கேட்டைத்தான் காட்டுகிறார்கள். இரண்டாயிரம் வருஷத்து 'சுரங்கம்' மட்டும் இன்னும் நம் வாயில் புழங்குகிறது.

அடுத்த மழைக்கு ரயில்வே சுரங்கப் பாதையில் இடுப்பளவு தண்ணீரில் பைக்கைத் தள்ளும்போது கிரேக்கனைத் திட்டாதீர்கள். வார்த்தை மட்டும்தான் அவனுடையது. கான்ட்ராக்ட் நம்மவருடையது!